சட்டைக்கைக்குள் போன பால்

இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் இரண்டு கண் மீது சத்தியம், என் கழுதை மகாராணியின் நான்கு குளம்பு மீது சத்தியம், சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்ற காட்டுயானை மீதும் சத்தியம். அது கதவை உடைத்து அரிசி தின்றது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். அது ஒழுங்காக நின்றது. முறை வந்ததும் தும்பிக்கை நுனியை விரல்ரேகை இயந்திரத்தில் வைத்தது. முப்பது வருடம் கொழுந்து பறித்து ரேகை தேய்ந்துபோன எங்கள் பெண்களின் விரலை ஒத்துக்கொள்ளாத இயந்திரம், யானையை உடனே ஒத்துக்கொண்டது. அடுத்த ஆள் நான்தான். அரிசி தீர்ந்துவிட்டது என்று கடையை மூடிவிட்டார்கள்.

என் பெயர் மொக்கையன். எஸ்டேட் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு கொடுத்து அனுப்பியதும் போடிக்கு இறங்கி, ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். பிறந்த பிள்ளைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டினால் சீர் நோய் தட்டாது, கரப்பான் புண் அண்டாது, குரல் கணீரென்று இருக்கும் என்பது எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்களின் நம்பிக்கை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பாட்டன்மார் மலையேறியபோது சட்டி பானையோடு இதையும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே கழுதையோடு போகிற எனக்கு எந்த வீட்டு வாசலிலும் மரியாதை உண்டு. புகட்டுவதைப் பார்க்க லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். பிள்ளை சப்புக்கொட்டினால் குலவையிடுவார்கள். எந்த வீட்டிலாவது வேண்டாம் என்று சொன்னால், ஏன் வேண்டாம் என்று மூன்று மாதம் பேசுவார்கள்.

கற்பகம் என்னைத் தேடி வந்தது அவள் மகளுக்குப் பதினோராம் நாள். ஓடைக்கரையில் கழுதையைக் கட்டியிருந்தேன். பச்சை உடம்புக்காரி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு சறுக்குப் பாதையில் இறங்கி வந்தாள்.

"தாத்தா, நாளைக்கு எங்க வீட்டுக்கு வருவீங்கள்ல?"

"வராம? ஒன் மாமியா ராமுத்தாயி போன வாரமே சொல்லி வச்சாச்சு. மகாராணியும் சம்மதிச்சுட்டா."

"வாங்க. ஆனா பிள்ளைக்குப் பாலு ஊத்தக் கூடாது."

"பின்ன? கழுதைக்குப் பிள்ளையைப் பொண்ணு பாத்துட்டுப் போகவா?"

அவள் சிரிக்கவில்லை. ஓடைக்கு மேலே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு தாத்தா."

கர்ப்பமான மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தபோது தெரிந்திருக்கிறது. புருஷன் மாரீஸ்வரனிடமிருந்து வந்தது. அவன் இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான், அதற்கு முன்னால் லாரி. அவனுக்கும் இருக்கிறது, அவனும் மாத்திரை சாப்பிடுகிறான். வீட்டில் ராமுத்தாய்க்கு மட்டும் தெரியாது.

"நர்சு சிசிலி சிஸ்டர் தெளிவாச் சொல்லிட்டாங்க," என்றாள். "நான் மாத்திரைய ஒருநாளும் விடக் கூடாது. பிள்ளைக்கும் சொட்டு மருந்து இருக்கு. ஆறு மாசம் என் பாலு மட்டும் குடுத்தா அவளுக்கு வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. இல்ல, பொடிப்பாலுதான்னா பொடிப்பாலு மட்டும். ரெண்டையும் கலக்கவே கூடாதாம். மாட்டுப்பாலு, கழுதைப்பாலு, சீனித்தண்ணி, தேனு, எதுவும் வாயில படக் கூடாது. பட்டா பிஞ்சுக் குடலு புண்ணாகி, அது வழியா கிருமி ஏறிருமாம்."

"அப்ப பொடிப்பாலே குடுத்துட்டுப் போயேன் தாயி. வம்பில்லல்ல?"

"எந்தத் தண்ணியில கரைக்க? ஓடையில இருந்து ஓஸ்ல வர்ற தண்ணியிலயா? முந்தாநாளு குழாயத் தொறந்தா அட்டை வருது. ஒரு நாளைக்கு எட்டுத்தடவ கொதிக்கவைக்க வெறகு எங்க இருக்கு? டப்பா யாரு வாங்கித் தருவா?" துண்டை இறுக்கிக் கட்டினாள். "அதையும் விடுங்க. ரவிக்கை நனைஞ்சு வழியுது. இப்படிப் பாலு இருக்கிறவ டப்பாப்பாலு குடுத்தா இருவத்திநாலு வீடும் என்ன கேக்கும்? மேல் டிவிசன்ல எப்சிபா குடுத்தாளே, என்னாச்சு?"

எனக்குத் தெரியும். எப்சிபாவின் குடத்தைக் குழாயடியில் தனியாக எடுத்துவைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. குடத்தை மட்டும் தள்ளி வைத்தார்கள், ஒவ்வொரு நாளும் இன்னும் ஒரு முழம் தள்ளி. ஒரு மாதத்தில் அவள் பிள்ளையோடு மலையிறங்கிவிட்டாள்.

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கு வாயி சும்மா இருக்காதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அதான் சொல்றேன். நீங்க வெளிய சொன்னாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க தாத்தா."

எழுபத்துமூன்று வயதில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

மறுநாள் போனேன். இருபத்துநான்கு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். மகாராணியிடம் ஒரு சங்கு கறந்து, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன். பிள்ளையை இடது முழங்கையில் வாங்கி, சங்கின் மூக்கை அதன் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கட்டைவிரலால் ஒரு திருப்புத் திருப்பினேன். பால் முழுவதும் என் முழுக்கைச் சட்டைக்குள் போய்விட்டது. மணிக்கட்டில் நுழைந்து, முழங்கையில் கொஞ்சம் தங்கி, அக்குள் வழியாக இறங்கி வேட்டிக்கட்டில் நின்றது. இளஞ்சூட்டோடு ஒரு எறும்புப் படை போவது போல இருந்தது. சிரிக்காமல் நின்றேன். பிள்ளை நல்ல நேரம் பார்த்து ஒரு கொட்டாவி விட்டுச் சப்புக்கொட்டியது. குலவை எழுந்தது.

"ருசி கண்டுட்டா பாரு!" என்றாள் ராமுத்தாய். "வாரா வாரம் வந்துருங்கண்ணே."

வாரா வாரம் போனேன். அத்தனை பாலும் சட்டைக்கைக்குள்ளேதான் போயிற்று. அதன் விளைவாக என் வலது கை, இடது கையைவிட நாற்பது வயது இளையதாகிவிட்டது. தோல் பளபளவென்று, சுருக்கமே கிடையாது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றால், கையை மட்டும் பார்க்கிற கண்டக்டர் என்னைத் தம்பி என்கிறான். முகத்தைப் பார்த்தபின் மன்னிப்புக் கேட்கிறான்.

கற்பகம் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். மாமியார் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கும் நேரம் பார்த்து ஒன்றை எடுத்து விழுங்குவாள். பிள்ளையின் சொட்டு மருந்தைச் சத்து மருந்து என்று சொல்லியிருந்தாள். ஆறாவது வாரம் சிசிலி சிஸ்டர் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த நாளில் கற்பகம் ஓடைக்கரைக்கு ஓடி வந்தாள். "இல்லையாம் தாத்தா," என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னைக் கட்டிக்கொள்ள வெட்கப்பட்டு, கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இன்னும் சோதனை இருக்கிறது, பதினெட்டாம் மாதம்தான் கடைசிச் சீட்டு என்றாள். ஆனால் முதல் சீட்டு நல்ல சீட்டு.

பிள்ளைக்குத் தன்விகா என்று பெயர் வைத்தார்கள். என் பல் இல்லாத வாய்க்கு அது சரிப்படவில்லை, குட்டி என்றே கூப்பிட்டேன். குட்டி வளர்ந்தாள். மூன்றாம் மாதம் தொடையில் மூன்று மடிப்பு. தாயின் பால் மட்டும் குடித்து வந்த மடிப்பு. ஆனால் லயத்தில் என்ன பேசினார்கள்? மொக்கையன் கழுதைப்பால் என்று பேசினார்கள். கீழ் டிவிசனிலிருந்து ஆள் விட்டார்கள். அந்தப் பெருமையை நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மாறாக, என் பால் ஐந்து சங்கு உள்ளே போன பிள்ளை ஒரு வயதில் மலையாளம் பேசும், எட்டு சங்கு போனால் இங்கிலீஷ் பேசும், பத்துக்கு மேல் போனால் எஸ்டேட் மேனேஜர் தன் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று குழாயடியில் அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ராமுத்தாயும் சிரித்தாள். என் பேச்சை அவள் நம்பவில்லை. அந்த மூன்று மடிப்பை நம்பினாள்.

கற்பகம் தற்காலிகத் தொழிலாளி. சம்பளத்தோடு பிரசவ விடுப்பு என்பதெல்லாம் அவளுக்குக் கிடையாது. மூன்று மாதம் முடிந்ததும் கொழுந்து வெட்டக் கத்திரியும் பையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை, கங்காணியிடம் கெஞ்சி ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடினாள். இடையில் பிள்ளை ராமுத்தாயிடம்.

ஐப்பசி மழை. ஒருநாள் பதினொரு மணி வாக்கில் அந்த வழியாகப் போனேன். ராமுத்தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ரப்பர் வைத்த பாட்டிலால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா அது?"

"கழுதைப்பாலுதான்ணே. கோவிச்சுக்காதீங்க. நீங்க வாரத்துக்கு ஒரு சங்கு ஊத்தியே பிள்ள இப்படி வந்துருச்சே, தெனமும் குடுத்தா எப்படி வரும்? நீங்களோ ஒத்தக் கழுதைய வச்சுக்கிட்டு ஊரு பூரா அலையிறீங்க. போடியில ஒருத்தன் நாலு கழுதை வச்சிருக்கான். மாரி சவாரி போயிட்டு வரும்போது ஜீப்புல வாங்கியாறான்."

"மாரியா வாங்கியாறான்?"

"ஆமா. மொதல்ல மூஞ்சியத் தூக்கிட்டு நின்னான். ஏன்டா, ஒம் பிள்ளைக்குத்தானடான்னேன். வாயத் தொறக்கல. வாங்கியாந்துட்டான்."

"எத்தன நாளா?"

"ஆச்சு எட்டு நாளு. ஒரு தடவ வாங்கினா மூணு நாளைக்கு வச்சுக்கிடறேன். கற்பகத்துக்கிட்ட சொல்லிராதீங்க. அவ எதுக்கெடுத்தாலும் அந்த நர்சம்மா சொன்னாங்கம்பா."

பாட்டிலின் கழுத்தில் மஞ்சளாக ஒரு ஏடு படிந்திருந்தது. புளித்த வாடை வாசல் வரைக்கும் வந்தது.

"ராமுத்தாயி, அதக் கீழ வை. நான் சொல்றதக் கேளு. இதுவரைக்கும் எம்பாலு ஒரு சொட்டு அவ வாயில போகல. ஊத்துனது பூரா என் சட்டைக்கைக்குள்ள. இவ வளந்தது தாய்ப்பாலுல."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஏ பிள்ளைகளா, இங்க வாங்கடி! மொக்கையண்ணன் புதுசா ஒண்ணு அவுத்து விடறாரு!"

பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் வந்தார்கள். நான் மறுபடி சொன்னேன். சத்தியம் செய்தேன். சட்டையை மடித்துக் கையைக் காட்டினேன். கையைப் பார்த்தபின் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

"அப்ப இம்புட்டு நாளும் கழுதைய எதுக்குண்ணே கூட்டியாந்தீக, சட்டைக்குப் பாலு குடுக்கவா?" என்றாள் ஒருத்தி.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர்கள் கேட்டிருந்தால் என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை நம்பியிருப்பார்கள். கற்பகம் என்னைக் கணக்குப் போட்டதில் செய்த தவறு அதுதான். நல்லது சொன்னால்தான் இந்த வாயை யாரும் நம்பமாட்டார்கள். அந்த நோயின் பெயரைச் சொல்லியிருந்தால், நான் முடிப்பதற்குள் அவள் குடம் குழாயடியில் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே சொல்லவில்லை. பாட்டிலைப் பிடுங்கி, ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை நானே மடமடவென்று குடித்தேன்.

"அடப் பாவி மனுசா! பச்சப்பிள்ள பாலப் பிடுங்கிக் குடிக்கிறியே, நீ நல்லாருப்பியா?" ராமுத்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். முதுகில் இரண்டு விழுந்தது.

மலைக்கு ஏறினேன். கற்பகம் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் நனைந்துகொண்டு நின்றாள். சொன்னேன். கத்திரி கையிலிருந்து விழுந்து, சரிவில் உருண்டு, ஒரு தேயிலைத் தூரில் மாட்டிக்கொண்டது.

"எட்டு நாளா?"

"ஆமா தாயி."

"அவருக்குத் தெரியுமா?"

நான் மூடுபனியைப் பார்த்தேன்.

"தெரியும்ல தாத்தா?"

"அவன்தான் வாங்கியாந்தான்."

அவள் அழவில்லை. இறங்கிப்போய்க் கத்திரியை எடுத்து, ஈரத்தைப் பாவாடையில் துடைத்து, பைக்குள் வைத்தாள். பிறகு ஓடினாள்.

சிசிலி சிஸ்டரிடம் போனபோது நானும் பின்னால் போனேன். சிஸ்டர் கோட்டயத்துக்காரி, எங்களோடு பேசுவதற்காகக் கற்றுக்கொண்ட தமிழ். "எல்லாம் முடிஞ்சு போயி என்னு நினைக்கண்டா," என்றாள். "இன்னிக்கே அது நிறுத்தணும். முலைப்பால் மாத்ரம். குஞ்ஞுக்கு உள்ள மருந்து டாக்டர்கிட்ட கேட்டு நான் மறுபடி தொடங்குறேன். மாமியாரோட நான் பேசட்டே? நோய், சூக்கேடு பத்தி ஒண்ணும் பறயமாட்டேன்."

"வேணாம் சிஸ்டர். நீங்க வந்து நின்னாலே ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் கற்பகம்."

"நீங்க அஞ்சு மணிக்கு பஸ்ஸேறிப் போயிருவீங்க சிஸ்டர். நான் இங்கதான் இருக்கணும்."

சிஸ்டர் எங்கள் மூன்று பேருக்கும் கட்டங்காப்பி ஊற்றினாள். மூன்றாவது ஆள் கழுதை.

சாயங்காலமே குட்டிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கீரைத் தண்ணி மாதிரி பச்சையாக. ராமுத்தாய் செரிமானக் கோளாறு என்று வசம்பு உரசி நாக்கில் தடவினாள். கற்பகம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கல்யாணமாகி நான்கு வருடத்தில் முதல்முறையாக மாமியாரைக் கையால் தொட்டது அப்போதுதான். இரண்டு நாளில் தொடை மடிப்பு மூன்றும் போய்விட்டது. மூன்றாம் நாள் விடிந்தபோது குட்டி அழுதாள், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி விரல் வைக்கிற அளவுக்கு உள்வாங்கியிருந்தது. சிசிலி சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "வண்டி, வண்டி," என்று மட்டும் கத்தினாள்.

மாரீஸ்வரன் ஜீப்பை எடுத்தான். கற்பகம் பின்னால் பிள்ளையோடு ஏறினாள். முன்னால் அவன் பக்கத்தில் நான். அவன் கண் ரோட்டிலேயே இருந்தது.

"தாத்தா, மருந்துன்னு நெனச்சேன் தாத்தா," என்றான். "அம்மாகிட்ட வேணாம்னு சொன்னா ஏன்னு கேக்கும். என்னத்தச் சொல்லுவேன்?"

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். மூடுபனி அன்றைக்கு எவ்வளவு கட்டி என்றால், ஜீப்பின் முன்கண்ணாடி அதில் முட்டி விரிசல் விட்டது. நான் இறங்கிக் கவ்வாத்துக் கத்தியால் பனியை வெட்டி வெட்டி இரண்டு பக்கமும் அடுக்கினேன். அந்த அடுக்கு மார்கழி வரை ரோட்டோரத்தில் இருந்தது, சுற்றுலாக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மகாராணி கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடி, ஒவ்வொரு வளைவிலும் திரும்பி நின்று கத்தி வழி காட்டினாள். நான்காவது வளைவில் மண் சரிந்து ரோடே இல்லை. மாரீஸ்வரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டான். நான் போய் அந்த மண்ணிடம் பேசினேன். முப்பத்தெட்டு வருடம் இதே மலையில் உழைத்தவன், இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, பிள்ளைக்கு நான்கு மாதம் ஆகப்போகிறது என்றேன். மண் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு சரிந்த மண் எல்லாம், கல்லும் வேரும் உட்பட, வந்த வழியே மேலே ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஜீப் போயிற்று.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார், யாரோ சொல்லி வைத்த மாதிரி. குட்டியின் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. மூன்று பாட்டில் தண்ணீர் ஏறியது. மறுநாள் காலை கண்ணைத் திறந்து, கற்பகத்தைப் பார்த்து, கண்ணீரோடு அழுதாள். அந்த வார்டில் இருந்த பதினேழு பிள்ளைகளும் சேர்ந்து அழுதன, ஒரே சுருதியில். பதினெட்டாம் மாதச் சீட்டும் வந்தது. நோய் இல்லை. லயத்தில் இன்றுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. ராமுத்தாய் இப்போது தொடர் பார்ப்பதை விட்டுவிட்டாள். அந்த நேரம் வந்ததும் மருமகளுக்கு அவளே டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. மாரீஸ்வரன் தாயிடம் வாய் திறந்து பேசப் பழகிவிட்டான், சில நாள் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டி அங்கன்வாடிக்குப் போகிறாள். நேற்றுக்கூட என் மூக்கைத் திருகி, "நீ பொய்யி தாத்தா," என்று மலையாளத்தில் சொன்னாள்.

அந்த ஐப்பசி இருபத்தேழாம் தேதி, எஸ்டேட் இடுகாட்டில் தன்விகாவுக்காக நான் வெட்டிய குழி இரண்டரை அடி நீளம்.